தோற்கப் பழகிய எட்டுப் பேர்

கரமனை அக்ரகாரத்தில் சூடாமணியின் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் செருப்புச் சத்தத்தைக் கேட்காதவர்கள் கிடையாது. எட்டேகால் பஸ்ஸுக்கு எட்டு பதிமூன்றுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண்மணி அவள். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் குடை, வாயில் ஹேர்பின். இந்தக் கோலத்தில் இருபத்தைந்து வருஷமாகத் தெருவை ஓட்டமாய்க் கடந்து பஸ்ஸைப் பிடித்துவிடுகிறாள். கிழக்கேகோட்டையில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறினால் அவள் வேலை பார்க்கும் அரசு அலுவலகம். அங்கேயும் கடைசி ஆளாக நுழைந்து முதல் ஆளாக வேலையை முடித்துவிடுவாள் என்று பெயர்.

முன்னேற்பாடு என்ற வார்த்தையே அவளுக்கு ஆகாது. விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் அரிசி களைவாள். பரீட்சைக்குக் காலையில் பஸ்ஸில் படித்துத் தேறியவள். நாற்பத்தெட்டு வயது வரை எல்லாமே எப்படியோ நடந்துவிட்டதால், எப்படியும் நடந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பட்டாபி இதற்கு நேர்மாறு. நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இன்றைக்கே பொத்தானைச் சரிபார்க்கிறவர். "நம்மாத்துல கவலைப்படறதுக்கு ஒருத்தர் மதி, ரெண்டாம் பேர் வேண்டாம்," என்று அவரை அடக்கிவிடுவாள்.

இதெல்லாம் போன வருஷ ஓணம் வரைக்கும்தான்.

தெருவின் குடியிருப்போர் சங்கம் ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா நடத்தும். பூக்களம், பாட்டு, இலை போட்டுச் சத்யா என்கிற விருந்து, விருந்துக்குப் பிறகு வடம்வலி. வடம்வலி என்றால் கயிறு இழுக்கும் போட்டிதான். ஆனால் இந்த ஊரில் அதை விளையாட்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். போன வருஷம் முதன்முறையாகப் பெண்களுக்கும் போட்டி வைத்தார்கள். அடுத்த தெருச் சங்கத்து ஷைலஜாவின் அணி எட்டுப் பேரோடு வந்து நின்றது. இந்தப் பக்கம் ஏழு பேர்தான் தேறினார்கள். தலைவி யார் என்று கேட்டால் சூடாமணி.

எட்டாவது ஆளுக்கு அவள் கண்ணில் பட்டது ஜானவி மன்னி. சூடாமணியின் அண்ணா மனைவி, ஆறு வீடு தள்ளி இருப்பவள், பள்ளிக்கூடத்தில் இவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அந்தப் பழக்கத்தில் மன்னி என்று கூப்பிட்டாலும் நீ என்றுதான் பேச்சு. ஜானவி அப்போதுதான் மூன்று பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கை அலம்பிக்கொண்டிருந்தாள். ஈரக் கை காய்வதற்குள் சூடாமணி அவளை இழுத்து வந்து கயிற்றைப் பிடிக்கச் செய்தாள். வெறுங்கால், கஞ்சி போட்ட புடவை, வயிறு நிறையச் சாப்பாடு. விசில் ஊதினார்கள்.

முக்கால் நிமிஷம் தாக்குப் பிடித்தார்கள். பிறகு கயிறு எதிர்ப்பக்கம் போகத் தொடங்கியது. தோற்பதற்குச் சம்மதமில்லாத எட்டுப் பேரும் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள். ஷைலஜாவின் அணி ஒரே வெட்டாக வெட்டி இழுத்தது. ஏழு பேர் கையை விட்டு விழுந்தார்கள். ஜானவியால் விட முடியவில்லை. கயிறு அவள் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கயிறு போன வழியில் கை போயிற்று, கை போன வழியில் தோள் போயிற்று.

தோள் மூட்டு விலகி, உள்ளே தசைநாரும் கிழிந்திருந்தது. நாலு வாரம் கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கப் போட்டார்கள். அப்புறம் ஏழு மாதம் பிசியோதெரபிப் பயிற்சி. ஜானவி வீட்டில் குழந்தைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். இடக் கையால் போர்டில் எழுதக் கற்றுக்கொண்டாள். சமையலை அண்ணா பார்த்துக்கொண்டார், ருசியைப் பற்றி யாரும் பேசவில்லை. யாராலும் ஈடுகட்ட முடியாதது ஒன்றே ஒன்று. ஜானவிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அவளுடைய ஒரே கர்வம் அது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவள் எப்படிப் பின்னுவாள்?

சூடாமணி தினமும் காலை ஏழரைக்குச் சீப்போடு போய் நின்றாள். பின்னிவிட்டுக்கொண்டே ஆபீஸ் கதை, பஸ் கதை எல்லாம் சொல்வாள். ஜானவி சிரிப்பாள். பார்க்கிறவர்களுக்கு, இதல்லவோ உறவு என்று தோன்றும். சூடாமணியின் வயிற்றில் இருந்த கல் யாருக்கும் தெரியாது.

போட்டியை யாரோ போனில் படம் பிடித்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். விபத்து நடந்த மூன்றாம் நாள் பஸ்ஸில் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு அதைப் பார்த்தாள். விசில் ஊதுவதற்கு முன்னால், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில், அவளுடைய குரலே தெளிவாகக் கேட்டது. "மன்னி, கிணத்துக் கயிறு மாதிரிக் கையில சுத்திக்கோ. நன்னா சுத்திக்கோ, வழுக்காது."

அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இன்னும் கிணறு உண்டு. பூஜைக்குத் தண்ணீர் கையால்தான் சேந்துவார்கள். வாளி நழுவாமலிருக்கக் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிடும். வாளி எட்டுப் பேர் பலத்தோடு திருப்பி இழுக்காது என்பதை அவள் யோசிக்கவில்லை. தெரியாமல் சொன்னதுதான். தெரியாமல் சொன்னதாலேயே தன்னை மன்னித்துக்கொள்ள முடியாமல் போயிற்று. போனிலிருந்து அந்தப் படத்தை அழித்தாள். யாரிடமும் சொல்லவில்லை, பட்டாபியிடம்கூட.

ஜானவிக்குப் பயிற்சி கொடுத்தவன் அஜீஷ். பாறசாலைப் பக்கத்துப் பையன், முப்பது வயது, வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். அவனே ஒரு வடம்வலி அணியில் இழுத்தவன். வாரம் இரண்டு நாள் மன்னியோடு போய் உட்கார்ந்திருந்த சூடாமணி ஒரு நாள் அவனிடம் கேட்டாள்.

"பலம் போறாமதானே இப்படி ஆச்சு?"

"பலம் ஒரு காரியந்தான் சேச்சி," என்றான் அஜீஷ். "ஆனா ஜெயிக்கும்போது யாருக்கும் பெருசா அடிபடாது. தோக்கும்போதாக்கும் அடிபடுறது. கயிறு போகுதுன்னு தெரிஞ்சா கூடவே நடந்து போயிரணும். உங்க ஆளுக ஒருத்தருக்கும் தோக்கத் தெரியாது."

சூடாமணி அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக்கூடத் தவறவிட்டாள்.

ஆனி மாதம் சங்கக் கூட்டத்தில் இந்த வருஷ விழாப் பேச்சு வந்தது. பெண்கள் போட்டி வேண்டாம், வயசான பெண்டுகளுக்கு எதற்கு வம்பு என்று செயலாளர் கிரிஷ் ஆரம்பித்தார். சூடாமணி எழுந்தாள். ஒழியட்டும் என்று சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்து வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"போட்டி உண்டு. ரெண்டு மாசம் பழகிட்டு இழுக்கறோம். ஆனா வடம்வலி சத்யாவுக்கு முன்னாடி. சாப்பிட்ட வயத்தோட யாரும் கயிறைத் தொடப்படாது, ஆம்பளைகள் உள்பட."

"சத்யா கழிஞ்சுதானே வழக்கம்? நாப்பது வருஷ வழக்கத்தை மாத்தறதுக்கு..."

"கிரிஷ், கேட்டியா," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வாலாம்பாள் மாமி. அறுபத்தொரு வயது, தெருவின் அத்தனை விசேஷங்களுக்கும் பாயசம் கிளறுகிறவள், போன வருஷ அணியில் நாலாவது ஆள். "அடைப்பிரதமன் நானாக்கும் வெக்கணும். வடம் முடிஞ்சு கை அலம்பிண்டு வந்துதான் அடுப்பைப் பத்த வெப்பேன். உனக்குப் பாயசம் இல்லாம சத்யா வேணும்னா, பின்னே உன் சௌகரியம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சங்கக் கட்டிடத்தின் பின்னால் ஒரு பலாமரம் உண்டு. காலை ஐந்தே முக்காலுக்கு அதன் அடியில் கூட ஆரம்பித்தார்கள். முதல் நாள் ஏழு பேர், ஏழு விதமான உடை. சூடாமணி எல்லோருக்கும் சுடிதார், ஷூ என்று சட்டம் போட்டிருந்தாள். வாலாம்பாள் மாமி வாழ்க்கையில் முதல்தடவையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு, தெருமுனை வரை மேலே புடவையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். மாமியின் ஷூ பேரனுடையது, இரண்டு ஓரமும் சிவப்பு விளக்கு மின்னும்.

அஜீஷ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். முதல் மூன்று வாரம் கயிற்றையே தொடக் கூடாது. பத்து நிமிஷம் வேக நடை. கணுக்கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் சுழற்றி உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு அரை உட்காரல். நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவது. சுவரைத் தள்ளுவது. முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்து உடம்பை நேராகத் தூக்கி நிற்பது. இதில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பத்மப்ரியா, எல்லோரிலும் சின்னவள், பன்னிரண்டு விநாடியில் சரிந்தாள். வாலாம்பாள் மாமி அரை நிமிஷம் நின்று, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் பாயச உருளியில் துடுப்புப் போட்ட உடம்பு.

நாலாவது வாரம்தான் கயிறு வந்தது. ஒரு நுனியைப் பலாமரத்தில் கட்டி, மெதுவாகச் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்தார்கள். யாராவது கயிற்றைச் சுற்றினால் சூடாமணி அங்கேயே நிறுத்துவாள். "விரல் மட்டும் பிடிக்கட்டும். கை எப்ப வேணும்னாலும் திறக்கணும்." பழக்கம் லேசில் போகிறதா? கிணற்றுக்காரிகள் அத்தனை பேரும் நாளுக்கு நாலு தடவை சுற்றினார்கள். கடைசியில் சுற்றினவர் மரத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓட வேண்டும் என்று வைத்தாள். முதல் நாள் அதிகம் ஓடியவள் சூடாமணிதான்.

அதற்குப் பிறகு வந்தது தெருவே சிரித்த பாடம். மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, பால் வாங்கப் போகிற ஆண்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்வாள். இவர்கள் கொஞ்சம் தாக்குப் பிடித்து, அவள் "நட!" என்றதும் சாய்வதை விட்டு நிமிர்ந்து, கையைத் தளர்த்தி, கயிற்றோடு ஒன்றாய்ச் சின்னச் சின்ன அடி வைத்து முன்னால் நடக்க வேண்டும். சட்டென்று கயிற்றை விட்டுவிடவும் கூடாது, எதிரணி மல்லாந்து விழும். தோற்க வேண்டும், ஆனால் நின்ற காலில் தோற்க வேண்டும். ஒரு காலைக்குப் பத்துத் தடவை.

"ஜெயிக்கறதுக்கு எப்ப பழகப் போறே?" என்று பட்டாபி கேட்டார்.

"அது ரெண்டாவது பாடம்."

"தோக்கறதுக்கு டிரெயினிங் எடுக்கற டீம் இந்த லோகத்துலயே நம்ம தெருவுலதான் இருக்கும்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் மறுநாளிலிருந்து பால் வாங்கப் போகும்போது அவர் நடை கொஞ்சம் வேகமாயிற்று. பலாமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று யாருக்கும் தெரியாமல் கணுக்காலைச் சுழற்றுவதைப் பத்மப்ரியா பார்த்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் சூடாமணியின் பழைய புத்தி தலைகாட்டியது. வாரம் மூன்று நாள் என்று அஜீஷ் எழுதியதை ஆறு நாள் ஆக்கினாள். சீக்கிரம் பலம் வரட்டுமே. வந்தது பலமல்ல, முழங்கால் வலி. மூன்று பேர் நொண்டினார்கள். ஏகாதசி அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து இழுத்த வாலாம்பாள் மாமி மரத்தடியிலேயே தலைசுற்றி உட்கார்ந்தாள். செய்தி கேட்டு வந்த அஜீஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சேச்சி, இழுக்கிற அன்னைக்குத் தசை வளராது. ரெஸ்ட் எடுக்கிற அன்னைக்காக்கும் வளர்றது. அந்த நாளையும் பிடுங்கிட்டா அப்புறம் என்ன மிச்சம்?"

சூடாமணிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மறுபடியும் அவசரம், மறுபடியும் தன்னை நம்பி வந்தவர்களுக்கு அடி. அன்று மாலையே மாமி வீட்டுக்குப் போய்ப் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏகாதசி, பிரதோஷம், மற்ற விரதம் எல்லாம் ஓய்வு நாள் என்று புதிதாக அட்டவணை எழுதினார்கள். அதிலிருந்து ஒரு நாள்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

எட்டாவது இடம் அப்போதும் காலியாக இருந்தது. ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லித் திரிந்தாளே தவிர, யாரையும் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. ஒரு நாள் காலை ஜானவி தானே பின்னிக்கொண்ட கூந்தலோடு, பழைய சுடிதாரும் ஷூவுமாகப் பலாமரத்தடியில் வந்து நின்றாள். கை குணமாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எட்டாவது ஆள் வேணுமோல்லியோ?"

சூடாமணி கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். "வேண்டாம் மன்னி. நீ வேண்டாம். வேற ஆள் வரா."

"போன வருஷம் என்னைக் கேக்காம இழுத்துண்டு போனே. இந்த வருஷம் நானா வரேன், வேண்டாங்கறே. இது என்ன நியாயம்?"

சூடாமணி, அஜீஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்ற தைரியத்தில் அவனிடம் அழைத்துப் போனாள். அவன் ஜானவியை ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னான், சுவரைத் தள்ளச் சொன்னான், இரண்டு தோளையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தான். "இந்தத் தோள் இப்ப அந்தத் தோளைவிட நல்லாயிருக்கு. ஏழு மாசமா இதுக்குத்தானே வேலை கொடுத்தோம்," என்றான். "மத்தவங்க மாதிரி முதல்ல இருந்து தொடங்கட்டும், மெதுவா. கடைசி வாரம் மறுபடியும் கொண்டு வாங்க. அப்ப சரின்னா சரி."

கடைசி வாரமும் சரி என்றான். அன்றிலிருந்து சூடாமணிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தக் குரல். சுத்திக்கோ, நன்னா சுத்திக்கோ. போட்டி முடிந்து மன்னி முழுசாக வீட்டுக்குப் போகட்டும், மறுநாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று சுவாமி முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஞாபகமே வரவில்லை.

விழா நாள் காலை பத்து மணிக்கு மைதானத்தில் கூட்டம். இலை இன்னும் போடவில்லை, எல்லோருக்கும் பசி, ஆகவே உற்சாகமும் கொஞ்சம் கூடுதல். சூடாமணி எட்டு மணிக்கே வந்து தரையில் கல், கண்ணாடி ஏதாவது கிடக்கிறதா என்று பெருக்கிப் பார்த்தாள். பத்து நிமிஷ நடையைப் பத்மப்ரியா நடத்தினாள். அவர்கள் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது சூடாமணி ஒவ்வொருவராகக் குனிந்து ஷூ கயிறு பார்த்தாள், தண்ணீர் குடித்தாயிற்றா என்று கேட்டாள், மோதிரம் வளையல் கழற்றச் சொன்னாள், ஜானவியின் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாகக் குத்திவிட்டாள்.

எதிர்ப்பக்கம் ஷைலஜா கை அசைத்தாள். "சேச்சி, இந்தத் தடவை யாரையும் ஆஸ்பத்திரிக்கு விட வேண்டாம், கேட்டோ." அவளும் போன வருஷம் அழுதவள்தான்.

கயிற்றில் ஜானவி ஐந்தாவது ஆள். சூடாமணி கடைசி ஆள். அங்கிருந்து எல்லோருடைய கைகளும் தெரியும். விசில் ஊதியதும் எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். நாற்காலி இல்லாத நாற்காலி. மூச்சு, அடி, மூச்சு, அடி. மூன்று இழுப்பில் முதல் இழுப்பு இவர்களுக்கு வந்துவிட்டது. கூட்டம் கத்தியது. வாலாம்பாள் மாமியின் ஷூ பளிச் பளிச்சென்று மின்னியது.

இரண்டாவது இழுப்பில் ஷைலஜாவின் அணி சுதாரித்துக்கொண்டது. கயிறு முன்னால் போக ஆரம்பித்தது. "நட!" என்றாள். நடந்தார்கள், தோற்றார்கள், நின்றார்கள்.

மூன்றாவது இழுப்பு ஒன்றரை நிமிஷம் நீண்டது. இரண்டு பக்கமும் அசையவில்லை. சூடாமணியின் தோள் எரிந்தது. ஒரு அடி, இன்னும் ஒரே ஒரு அடி பின்னால் வைத்தால் ஜெயிக்கலாம். கூட்டத்தில் பட்டாபி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல். அந்த நேரத்தில் கயிறு ஒரு சாண் நழுவியது. அவள் கண் முன்னால் ஜானவியின் வலது மணிக்கட்டு திரும்பியது. கயிற்றை உள்ளங்கைக்குள் வாங்கிச் சுற்றப் போகிற திருப்பம். கிணற்றடியில் நாற்பது வருஷம் திரும்பிய கை.

"நட!" என்று சூடாமணி அலறினாள். ஜெயிப்பதற்கு ஒரு அடி பாக்கியிருக்கும்போது.

மணிக்கட்டு பாதியில் நின்றது. கை திறந்தது. எட்டுப் பேரும் நிமிர்ந்து கயிற்றோடு தடதடவென்று முன்னால் நடந்தார்கள். கயிறு கோட்டைத் தாண்டியது. தோல்வி. ஷைலஜாவின் அணியிலும் ஒருத்திகூட விழவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

சூடாமணி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நர்சரி டீச்சர் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி எண்ணினாள். ஏழு பேர், அவளோடு எட்டு. எட்டுப் பேரும் காலில் நிற்கிறார்கள். ஜானவி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, யாருக்கோ ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். சூடாமணிக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாள். தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்து கிரிஷ் தண்ணீர் கொண்டு வந்தார்.

ஆண்கள் போட்டியில் பட்டாபிக்கு ஆடுதசையில் சின்னப் பிடிப்பு, பாயசத்தோடு சரியாகிவிட்டது. அடைப்பிரதமன் ஒன்றரை மணிநேரம் தாமதமாக வந்தது, யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் முழு நிம்மதி அன்றைக்கு வரவில்லை. வலி என்றால் மறுநாள் எழுந்திருக்கும்போதுதான் தெரியும் என்று அஜீஷ் சொல்லியிருந்தான். சூடாமணி காலை ஆறரைக்கே வீடு வீடாகக் கிளம்பினாள். பத்மப்ரியா தூங்குகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அவள் மாமியார் சொன்னார். வாலாம்பாள் மாமி நேற்றைய உருளியைத் தேய்த்துக்கொண்டே, "ஒரு கொழப்பமும் இல்லை. அடுத்த வருஷம் ஜெயிக்கவும் பழகலாமா?" என்று கேட்டாள். மற்ற வீடுகளிலும் அதே பதில்தான். ஜானவியின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

ஜானவி கூடத்தில் நின்று போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வலது கையால், மேல் ஓரம் வரைக்கும். சூடாமணி வாசற்படியிலேயே நின்று அந்தக் கையைப் பார்த்தாள்.

"வலிக்கலையா மன்னி?"

"இல்லை. அது இருக்கட்டும், உன் தலை என்ன இப்படி இருக்கு?"

சூடாமணி கிளிப்பில் அள்ளிக் குத்தியிருந்த முடியைத் தொடப் போனாள். கை காதுக்கு மேல் எழவில்லை. "ஆ," என்று இறக்கினாள். காலையில் பின்னப் பார்த்து முடியாமல்தான் அப்படி வந்திருந்தாள்.

ஜானவி அவளை உற்றுப் பார்த்தாள். "நேத்திக்கு எல்லாரும் தோளைச் சுத்தறச்சே நீ என்ன பண்ணிண்டிருந்தே?"

யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஏழு பேருடைய ஷூ கயிற்றைப் பார்த்தவள், ஏழு பேரையும் தண்ணீர் குடித்தாயிற்றா என்று கேட்டவள், தன் உடம்பைச் சூடாக்கவே மறந்து போயிருந்தாள்.

"நன்னாயிருக்கு. ஊருக்கெல்லாம் பாடம், தனக்கு லீவா? உக்காரு." ஜானவி அவளை முக்காலியில் உட்காரவைத்து, சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

முகம் பார்க்க வேண்டியிராததால் சொல்ல முடிந்தது. "மன்னி, போன வருஷம் நான்தான் உன்னைச் சுத்திக்கச் சொன்னேன். கயிறை. வீடியோவுல என் குரல் இருக்கு. இத்தனை நாளாச் சொல்லலை."

சீப்பு நிற்கவில்லை.

"தெரியும்," என்றாள் ஜானவி. "ஆஸ்பத்திரியில படுத்துண்டே பார்த்தேன்."

"தெரியுமா?"

"முதல்ல கோபமாத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லணும். ஒரு வாரம் உன்னோட பேசப்படாதுன்னு நெனச்சேன். நீயானா ஏழரைக்குச் சீப்போட வந்து நிக்கறே." முடியை மூன்றாகப் பிரித்தாள். "உனக்குத் தெரியுமோ தெரியாதோன்னு எனக்குத் தெரியாது. கேட்டா நீ தலையைத் தொங்கப் போட்டுண்டு பின்னுவே. எனக்குக் கதை சொல்லிண்டு பின்னறவதான் வேண்டியிருந்தது. கண்ணைத் துடைச்சுக்கோ, தலையை ஆட்டாதே."

சூடாமணி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பாதிதான் எழுந்தது. மிச்சத்துக்குக் குனிந்துகொண்டாள். தலைக்குப் பின்னால் மன்னியின் இரண்டு கைகளும் மேலே போய்க் கீழே வந்து, அவசரமில்லாமல் பின்னிக்கொண்டிருந்தன.

மணி எட்டு பத்து ஆகியிருந்தது. பஸ் போகட்டும் என்று சூடாமணி உட்கார்ந்திருந்தாள்.